மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா திறம்? கனடா போற எங்கட பெடியளுக்கு ஒரு வழிகாட்டி

போன கிழமை முத்தையன்கட்டுக் குளக்கட்டில பின்னேரம் காத்து வாங்கிக்கொண்டு இருக்கேக்க மருமோன் கேட்டான், அவனுக்கு கனடா பி.ஆர் சரிவந்து வாற மாசம் வெளிக்கிடுறான், "மாமா, அங்க லைசென்ஸோட மான் சுடலாமாம், நீங்களும் போறனீங்களாம், எந்தத் தோட்டா மாமா திறம்?" எண்டு. நான் வாய் திறக்க முதல் பக்கத்தில இருந்த சித்தப்பா முந்திட்டார். மனுசன் இளந்தாரிக் காலத்தில இடியன் துவக்கையும் தூக்கிக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கக் காடெல்லாம் திரிஞ்ச ஆள். "சுட்ட இடத்திலயே விழுத்துறது எதுவோ அதுதான்ரா திறம், உதில என்ன கேள்வி" எண்டார்.

இதுதான் வன்னியில ஆரைக் கேட்டாலும் வாற மறுமொழி, நானும் கனகாலம் இதைத்தான் நம்பிக்கொண்டு இருந்தனான். இது பிழை எண்டு விளங்க எனக்கு கனடாவின்ர ஒன்ராறியோ மாகாணத்தில அஞ்சாறு வேட்டைச் சீசனும் ரண்டு மூண்டு மானும் பிடிச்சுது. அதைத்தான் இதில ஒழுங்கா எழுதிப் பாக்கிறன், அவனுக்கு மட்டுமில்லை, அவனை மாதிரிப் போற மற்றப் பெடியளுக்கும்.

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம். இது முழுக்க அங்க, லைசென்ஸோட, சீசனில செய்யுற அலுவல். இங்க மான், மரை சுடுறது குற்றம், 1937இல வந்த வனவிலங்குச் சட்டம் இண்டைக்கும் இருக்கு, கட்டுத்துவக்கு வைக்கிறது அதைவிடப் பெரிய பாவம், எங்கட பக்கத்தில அதில மாட்டிக் கால் போனவையை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம், விறகுக்குப் போனவனுக்கும் மாடு தேடிப் போனவனுக்கும் வெடிக்கும் அது. காட்டுக்குள்ள பழைய ரவை, கோது கிடந்தாலும் "ஒருக்கா பாப்பம்" எண்டு கையில எடுக்கவேண்டாம். தோட்டா எப்பிடி வேலை செய்யுது எண்டு படிக்க அது வழியில்லை.

கனடாவிலயும் சும்மா போய்த் துவக்கு வாங்கேலாது. துவக்குப் பாதுகாப்புக் கோர்ஸ் செய்து ஆர்.சி.எம்.பிக்கு எழுதிப் போட்டு பி.ஏ.எல் எண்ட துவக்கு லைசென்ஸ் எடுக்கவேணும், பிறகு ஒன்ராறியோ எண்டால் வேட்டைக் கோர்ஸ், அவுட்டோர்ஸ் கார்ட், மானுக்கு ராக் எண்ட அனுமதிச் சீட்டு (அது இல்லாமல் ஒரு மானையும் தொடேலாது). துவக்கு சீசனில உடம்பில ஆகக் குறைஞ்சது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் உடுப்பும் தலையில செம்மஞ்சள் தொப்பியும் கட்டாயம். மானுக்கு .22 மாதிரி றிம்ஃபயர் (தோட்டாவின்ர அடி விளிம்பில அடிச்சு வெடிக்கிறது) றைபிள் பாவிக்க ஏலாது, சென்ரர்ஃபயர் (அடியில நடுவில அடிச்சு வெடிக்கிறது) தான். தெற்குப் பக்கம் சில இடங்களில றைபிளே கூடாது, சொட்கன் மாதிரிச் சிலதுதான், எந்த ஏரியாவில எது எண்டு ஒவ்வொரு வருசமும் வாற வேட்டைச் சட்டப் புத்தகத்தில பாத்துப்போட்டுத்தான் றைபிள் வாங்கிறதைப் பற்றியே யோசிக்கவேணும். என்னோட வந்த ஒருத்தர் றைபிளும் ஸ்கோப்பும் வாங்கி முடிச்ச பிறகுதான் தன்ர ஏரியாவைப் பாத்தவர், பாவம்.

சரி, இப்ப விசயத்துக்கு வாறன்.

என்ர முதல் மான். .308 வின்செஸ்ரர் எண்ட தோட்டா, 150 கிறேயின் சன்னம் (சன்னம் எண்டது தோட்டாவில இருந்து பறந்து போற முனைத் துண்டு, கிறேயின் அதின்ர பாரம்), தூரம் ஒரு எழுபது யார், மீற்றரில அறுபத்திநாலு. வெடி வைச்சவுடன மான் சாக்கு மூட்டை மாதிரி அப்பிடியே விழுந்திது. எனக்குச் சந்தோசம் எண்டா சொல்ல வார்த்தை இல்லை, கையைத் தூக்கிக் கத்திப்போட்டன், போன் எடுத்துப் படம் எடுக்க வெளிக்கிட்டன். ஒரு நிமிசம் இருக்கும், மான் எழும்பிச்சுது, என்னைத் திரும்பிப் பாத்திது, போட்டுது. இருட்டும் வரைக்கும் தேடி, அடுத்த நாள் விடியவும் தேடித்தான் பிடிச்சம். உரிச்சுப் பாத்தா சன்னம் முதுகெலும்புக்கு மேல இருக்கிற முள்ளில பட்டு அந்த அதிர்ச்சியில விழுத்தியிருக்கு, உள்ள ஒரு உறுப்பிலயும் தொடேல்லை.

அதுக்கு ரண்டு வருசம் கழிச்சு ஒரு கூட்டாளியின்ர .243ஆல, எல்லாரும் "பொம்பிளையளின்ர துவக்கு" எண்டு பகிடி பண்ணுற சின்னத் தோட்டா, 100 கிறேயின், ஒரு நூறு யாரில ஒண்டு வைச்சன். மான் துள்ளிப்போட்டு ஓடிச்சுது. தொண்ணூறு கவடு ஓடிச்சுது, எண்ணினனான். பிழைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். போய்ப் பாத்தா பத்தைக்குள்ள செத்துக் கிடக்குது, வெட்டிப் பாத்தா ரண்டு சுவாசப்பையும் கூழ், அந்தப் பக்கத்தால வெளிய போன ஓட்டை ஒரு ஐஞ்சுரூபாக் குத்தி அளவு.

இப்ப சித்தப்பாவின்ர கணக்குப்படி எது திறமான தோட்டா? முதலாவது! விழுந்த இடத்தை வைச்சுத் தோட்டாவை அளக்கிறதில இருக்கிற பிசகு இதுதான். மூளையிலயோ முள்ளந்தண்டிலயோ பட்டால்தான் மிருகம் பட்ட இடத்தில விழும். இருதயம், சுவாசப்பையில பட்டால் ரத்தம் இறங்கி மூளைக்குப் போறது நிக்கும் வரைக்கும், ஒரு பத்துப் பதினைஞ்சு செக்கன், அதுக்கு உயிர் இருக்கும், அந்தப் பத்துச் செக்கனில மான் நூறு மீற்றர் ஓடும். அது தோட்டாவின்ர குறை இல்லை. ஓடினதைப் பாத்திட்டு "இது பத்தாது, பெருசு வாங்கவேணும்" எண்டு மக்னம் எண்ட பெரிய தோட்டாவுக்கு ஓடினவை எத்தினை பேர், பிறகு தோள் வலிக்குது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சுடுறவை.

அப்ப எதை வைச்சு அளக்கிறது? மூண்டு கேள்விதான். நீங்கள் சுடப்போற தூரத்தில சன்னம் நினைச்ச இடத்துக்குப் போகுதோ, உள்ள போய் விரியுதோ, விரிஞ்ச பிறகும் ரண்டு சுவாசப்பையையும் தாண்டிப் போகுதோ. பெட்டியில இருக்கிற இலக்கம் எல்லாம் இதுக்குப் பிறகு.

தூரத்தில இருந்து தொடங்குவம், இதுக்கு துவக்குத் தேவையே இல்லை, குளக்கட்டு காணும். ஒரு ஆட்டைக் கட்டில கட்டிப்போட்டு நூற்றிருபது கவடு நடவுங்கோ, அது கிட்டத்தட்ட நூறு யார், திரும்பிப் பாருங்கோ. பிறகு இருநூற்றி நாப்பது. அந்த ஆடு எவ்வளவு சின்னனாத் தெரியுது எண்டு மனசில பதியவேணும். மருமோனை நடக்கவிட்டு "உது எத்தினை யாரடா" எண்டு கேட்டா நூற்றைம்பதை முந்நூறு எண்டுறான், கண்ணால தூரம் மட்டுக்கட்டிறதில எல்லாருக்கும் பிழைக்கும். ஒன்ராறியோக் காட்டில நான் சுட்டது முக்கால்வாசி நூறு யாருக்குள்ளதான், மரத்துக்கும் பத்தைக்கும் இடையில. அப்ப 500 யாருக்குத் தோட்டா தேடி என்ன பிரயோசனம்? யூரியூப்பில அமெரிக்காவின்ர மேற்குப் பக்கம் மலையில இருந்து சுடுறதைப் பாத்திட்டு வாறவைக்குத்தான் அந்த வருத்தம்.

மிருகத்தையும் தெரிஞ்சிருக்கவேணும். அங்க வெள்ளைவால் மான், நல்ல கலை எண்டால் எங்கட புள்ளிமானைவிடக் கொஞ்சம் பாரம், நூறு கிலோவுக்கு மேல போறதும் இருக்கு, எங்கட மரை அளவுக்கு வராது. மரையைவிடப் பெரிய சாமான் வேணும் எண்டால் அங்க மூஸ் எண்ட மான் சாதி இருக்கு, அது வேற கதை, வேற ராக். மானின்ர நெஞ்சுக்கூட்டில படவேண்டிய இடம் ஒரு எட்டு அங்குல வட்டம், எங்கட சின்னச் சாப்பாட்டுக் கோப்பை அளவு. அது எங்க இருக்கு எண்டு படம் பாத்துப் படிக்கிறதைவிட வீட்டில கிடாய் வெட்டேக்க பக்கத்தில நில்லுங்கோ. தோலை உரிச்சு நெஞ்சுக்கூட்டைத் திறக்க முதல், முன்னங்காலுக்குப் பின்னால, உடம்பின்ர உயரத்தில கீழ மூண்டில ஒரு பங்கில ஒரு கத்தி நுனியை வைச்சுப் பாருங்கோ, திறந்தவுடன அது எங்க போயிருக்கு எண்டு தெரியும்: இருதயம் நினைச்சதைவிடக் கீழ, காலுக்கு நடுவில, சுவாசப்பை அதுக்கு மேலயும் பின்னாலயும், அதுக்குப் பின்னால ஈரல், பிறகு குடல். ஆட்டுக்கும் மானுக்கும் அமைப்பு அநேகமா ஒண்டுதான். மான் பக்கப்பாட்டில நிண்டால் சுகம். கொஞ்சம் அங்கால திரும்பி நிண்டால், சன்னம் போய் அடுத்த பக்க முன்னங்காலை நோக்கி வெளிய வாறமாதிரிக் குறி வைக்கவேணும். முகத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டோ பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டோ நிண்டால் விடுங்கோ. எந்தத் தோட்டாவும் அந்தப் பிழையைத் திருத்தாது.

இப்ப பெட்டி. பெட்டியில ரண்டு விசயம் இருக்கும், சன்னத்தின்ர பாரம் கிறேயினில, வேகம் செக்கனுக்கு எத்தினை அடி எண்டு. ஒரு இறாத்தல் 7000 கிறேயின். இந்த ரண்டில இருந்து சக்தியை நீங்களே கணக்குப் பாக்கலாம்: வேகத்தை வேகத்தால பெருக்கி, பாரத்தால பெருக்கி, 450240ஆல பிரிச்சால் அடி-இறாத்தலில வரும். .308இல 150 கிறேயின் 2820 அடி வேகத்தில போனால் கிட்டத்தட்ட 2650. பாரத்தை இரட்டிச்சால் சக்தி இரட்டிக்கும், வேகத்தை இரட்டிச்சால் நாலு மடங்கு, அதாலதான் வேகமான சின்னச் சன்னமும் பேப்பரில பெரிய ஆளாத் தெரியும்.

மானுக்கு அது படேக்க 1000 அடி-இறாத்தல் இருக்கவேணும் எண்டு ஒரு பழைய கணக்கு அங்க எல்லாரும் சொல்லுவினம். அது சட்டமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை, ஒரு வாய்க்கணக்கு, ஆனால் புதுசாத் தொடங்கிறவனுக்கு எங்க நிக்கவேணும் எண்டு காட்டும். பழைய .30-30, 1895இல வந்தது, 150 கிறேயின் 2390 அடி வேகம், குழல் வாயில 1900 இருக்கிறது 100 யாரில 1300க்கு வந்து 200இல 850 சொச்சத்துக்கு விழுந்திடும். ஏன் எண்டால் மூக்குத் தட்டையான சன்னம், காத்து அதைப் பிடிச்சு நிப்பாட்டும். அதுக்காக .30-30 கூடாது எண்டில்லை, பத்தைக்குள்ள நூறு யாருக்குள்ள அது இண்டைக்கும் அருமையான சாமான், இருநூறு யார் வெட்டைக்குத்தான் அது ஆள் இல்லை. .243, 100 கிறேயின், 300 யாரிலயும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கும். .308உம் .30-06உம் 300இல 1300, 1400 எண்டு நிக்கும். அதாவது நூறு நூற்றைம்பது யாருக்குள்ள சுடுறவனுக்கு இந்த எல்லாத் தோட்டாவும் காணும், அதுக்குமேல சண்டை பிடிக்கிறது வாசிகசாலையில இருந்து பொழுது போக்கிறதுக்குத்தான்.

எங்கட ஆக்களுக்குத் திறீ நொட் திறீ எண்டால் தெரியும், இங்க முந்தி பொலிஸ் தூக்கிக்கொண்டு திரிஞ்ச அந்தப் பழைய லீ-என்ஃபீல்ட். கனடாவில வடக்குப் பக்கம் றேஞ்சர்ஸ் எண்ட படை 2018 மட்டும் அதைத்தான் வைச்சிருந்தது, இண்டைக்கும் கிழவன்மார் கனபேர் அதாலதான் மான் சுடுகினம். முதல்முதல் சுட்டுப் பழகிற ரேஞ்சில ஒருத்தர் அதை உறையால எடுக்கேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிட்டுது. சத்தம் கேட்டவுடன குனிஞ்சனான், பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரக் கிழவன் ஒண்டும் கேக்காமல் ஒரு கோப்பி ஊத்தித் தந்தார். அது கிடக்கட்டும்.

உதில இருந்துதான் சன்னத்தின்ர கதை வருது, இதில கொஞ்சம் கூட நேரம் நிப்பன், ஏன் எண்டால் தோட்டாப் பேரைவிட சன்னம்தான் முக்கியம். எங்கட ஊரில கண்ட ரவை முழுக்க ஆமி ரவை, ஈயத்துக்கு மேல முழுக்க உலோகக் கவசம் போட்டது. அது விரியாது. மானில பட்டால் பென்சில் மாதிரி ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு போயிடும், மான் ஒரு கட்டை தூரம் ஓடிப் போய் ரண்டு நாள் கிடந்து சாகும். அதாலதான் கனக்க இடங்களில வேட்டைக்கு அது தடை. மலிவாக் கிடைக்குது எண்டு அதை வாங்கி வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது, ரேஞ்சில பழக மட்டும்.

வேட்டைச் சன்னம் நாலு விதம் எண்டு வையுங்கோ. சோஃப்ற் பொயின்ற், முனையில ஈயம் வெளிய தெரியும், பட்டவுடன காளான் மாதிரி விரியும், மலிவு, நூறு வருசமா மான் விழுத்தினது, புதுசுக்கு இதுதான் நான் சொல்லுவன். பிளாஸ்ரிக் முனை போட்டது, காத்தில நல்லாப் போகும், ஆனால் சிலது கிட்டத்தில வேகமாப் பட்டால் வெடிச்ச மாதிரிச் சிதறி இறைச்சியை நாசமாக்கும். பொண்டட், ஈயத்தையும் கவசத்தையும் ஒட்டவைச்சது, எலும்பில பட்டாலும் உடையாது. முழுச் செம்பு, ஈயமே இல்லை, பாரம் குறையாமல் ஊடுருவிப் போகும், ஆனால் விரியிறதுக்கு வேகம் வேணும். இந்த வேகம்தான் பெட்டியில கனபேர் பாக்காத விசயம். சாதாரண சோஃப்ற் பொயின்ற் செக்கனுக்கு 1800 அடி கிட்ட இருக்கும் வரைக்கும் விரியும், செம்பு சிலதுக்கு 2000 கிட்ட வேணும், கொம்பனியின்ர வலைத்தளத்தில போட்டிருப்பினம். உங்கட தோட்டா 250 யாரில 1700க்கு விழுந்தால், அதில எவ்வளவு சக்தி மிச்சம் இருந்தென்ன, அது ஆமி ரவை மாதிரித்தான் வேலை செய்யும்.

ஈயம் சிதறுற கதையும் சொல்லவேணும், வீட்டில சின்னப்பிள்ளையள், பிள்ளைத்தாச்சியள் இருந்தால் காயத்தைச் சுத்தி நல்லா அகலமா வெட்டி எறியுங்கோ, கண்ணுக்குத் தெரியாத தூள் காயத்தில இருந்து தள்ளியும் போயிருக்கும், இல்லாட்டிச் செம்புக்கு மாறுங்கோ. நான் பிள்ளை பிறந்த வருசம்தான் மாறினனான்.

இன்னொரு இலக்கம், செக்ஷனல் டென்சிற்றி எண்டு சொல்லுவினம், சன்னம் தன்ர தடிப்புக்கு எவ்வளவு பாரம் எண்டு. தடிப்பு ஒண்டாயிருக்க நீட்டுச் சன்னம் ஆழமாப் போகும், குட்டைச் சன்னம் கெதியா நிக்கும், ஆணியும் தடியும் மாதிரி. .308இல 150 கிறேயினுக்கு .226, 180க்கு .271, 6.5 கிறீட்மூரில 140க்கு .287. இதாலதான் கிறீட்மூர் சின்னத் தோட்டாவா இருந்தும் நல்லா ஊடுருவுது. மானுக்கு இதைப் பற்றிக் கனக்க யோசிக்கத் தேவையில்லை, மூஸுக்கு யோசியுங்கோ.

றைபிளில பாக்கவேண்டியது: குழலில என்ன பேர் அடிச்சிருக்கோ தோட்டாவின்ர அடியிலயும் அதே பேர் இருக்கவேணும், எழுத்துக்கு எழுத்து. "உள்ள போகுது தானே" எண்டு வேற தோட்டாவைப் போட்டுக் கண் போனவை இருக்கினம். .30-30 மாதிரி லீவர் துவக்கில தோட்டா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு குழாய்க்குள்ள நிக்கும், அதுக்குக் கூர் முனைச் சன்னம் கூடாது, ஒண்டின்ர முனை முன்னால இருக்கிறதின்ர கேப்பில (அடியில இருக்கிற வெடிமூடி) இடிச்சு வெடிக்கலாம், தட்டை மூக்கு இல்லாட்டி அதுக்கெண்டே செய்த மெத்து முனைதான். பெட்டியில இருக்கிற வேகம் அநேகமா 24 அங்குலக் குழலில அளந்தது, உங்கட குழல் 20 எண்டால் அங்குலத்துக்கு ஒரு 25 அடி குறைச்சு வையுங்கோ. ரேஞ்சில ஆரிட்டையும் வேகம் அளக்கிற குரோனோகிராஃப் இருக்கும், கேட்டால் தருவினம், வேட்டைக்காரர் இதில கஞ்சர் இல்லை.

பிறகு சுட்டுப் பாக்கிறது. ஒரே றைபிளுக்கு ஒரு தோட்டா பிடிக்கும், இன்னொண்டு பிடிக்காது, ஏன் எண்டு கேக்காதேங்கோ, மாட்டுக்கு ஒரு பக்க நுகம் பிடிக்கிற மாதிரி. ரண்டு மூண்டு விதத்தில ஒவ்வொரு பெட்டி வாங்கி, மேசையில மண்மூட்டை வைச்சு 100 யாரில மும்மூண்டு வெடி, குழல் ஆற விட்டு விட்டு வையுங்கோ. மூண்டும் ரண்டு அங்குலத்துக்குள்ள வந்தால் மான் வேட்டைக்குத் தாராளம். அரை அங்குலம் தேடிக் காசைக் கரைக்கவேண்டாம். .308ஐ 200 யாருக்குச் சரி பாத்து வைச்சால் 100இல ரண்டு அங்குலம் மேல படும், 300இல ஒரு எட்டு ஒன்பது அங்குலம் கீழ, அதாவது 200 யார் கடக்கும் வரைக்கும் ஒரு கணக்கும் பாக்காமல் நடுவில பிடிச்சுச் சுடலாம்.

மேசையில இருந்து எழும்பினாப் பிறகுதான் உண்மை தெரியும். எட்டு அங்குலக் காயிதக் கோப்பை ஒண்டைக் குத்தி வைச்சு, முழங்காலில இருந்து, மரத்தில சாஞ்சு, நிண்டு, அஞ்சு வெடி. அஞ்சும் கோப்பைக்குள்ள விழுற தூரம்தான் உங்கட தூரம். எனக்கு நிண்டு சுட அது அறுபது யார், முழங்காலில நூற்றிருபது. வெக்கம் இல்லாமல் சொல்லுறன். தோட்டா 300 யாருக்குப் போகும், நான் போகமாட்டன்.

துவக்கு தோளில உதைக்கிற உதைப்பும் இதில சேந்ததுதான். ஏழரை இறாத்தல் றைபிளில .243 மெதுவாத் தள்ளும், .308 அதின்ர ரண்டு மடங்குக்குக் கிட்ட, .30-06 அதுக்கும் மேல. வெடிக்க முதலே தோள் சுருங்கப் பழகினால் பிறகு அதை மாத்திறது சரியான கஸ்ரம். உங்களுக்கு இருக்கோ எண்டு பாக்க, கூட்டாளி ஒருத்தரைக் கொண்டு தோட்டாவைப் போடுவிக்கவேணும், சிலவேளை வெறும் கோது மாதிரி டம்மியைப் போட்டுத் தரட்டும், அது டிக் எண்டேக்க துவக்கு ஆடினால் பயப்பிடுறது நீங்கள்தான். மருமோன் மாதிரி மெல்லிய பெடியனுக்கு .243, இல்லாட்டி 6.5 கிறீட்மூர். பெரிய துவக்கு வாங்கித்தான் ஆம்பிளை எண்டு காட்டவேணும் எண்டில்லை.

சிலபேர் தண்ணிக் கானை வரிசையா வைச்சோ நனைச்ச பேப்பர்க் கட்டுக்கோ சுட்டுப் பாப்பினம், நானும் செய்தனான். இந்தக் கான் எத்தினை உடைஞ்சுது எண்டதை மானுக்குள்ள எத்தினை அங்குலம் போகும் எண்டு எடுக்கேலாது. ரண்டு சன்னத்தை ஒண்டோட ஒண்டு ஒப்பிட மட்டும் அது உதவும், எது சிதறுது, எது முழுசா நிக்குது எண்டு.

இனி உண்மையான சோதினை, சுட்ட பிறகு. இதில எங்கட வன்னி ஆக்கள் வெள்ளைக்காரனைவிடக் கெட்டிக்காரர், அடி பாத்து மாடு தேடிப் பழகின கண். வெடி வைச்சவுடன மான் எங்க நிண்டது, எப்பிடித் துள்ளிச்சுது, எந்த மரத்துக்குப் பக்கத்தால மறைஞ்சுது எண்டு பாத்து மனசில வையுங்கோ, உடன ஓடாதேங்கோ. அரை மணித்தியாலம் இருங்கோ. பிறகு நிண்ட இடத்துக்குப் போய் ரத்தம் பாருங்கோ: வெளிர் சிவப்பு, நுரையோட எண்டால் சுவாசப்பை, கிட்டத்தில கிடக்கும். கடுஞ்சிவப்பு எண்டால் ஈரலா இருக்கும், ரண்டு மூண்டு மணித்தியாலம் விடுங்கோ. பச்சை, மண்ணிறக் கசடு, நாத்தம் எண்டால் குடல், ஆறேழு மணித்தியாலம் கிட்டப் போகாதேங்கோ, கலைச்சால் அது அடுத்த ஊருக்குப் போயிடும். ரத்தம் குறைவு எண்டால் தோட்டா சரியில்லை எண்டும் இல்லை, உயரத்தில பட்டால் உள்ளுக்குள்ள நிரம்பும், வெளிய வராது. அதாலதான் அந்தப் பக்கத்தால வெளிய போற ஓட்டையை நான் விரும்பிறன், கீழ இருக்கிற ஓட்டையால ரத்தம் வழியும், பனியிலயும் சருகிலயும் தடம் கிடைக்கும்.

மானைக் கண்டு பிடிச்சுத் துப்பரவாக்கேக்கதான் தோட்டாவுக்கு மார்க் போடுறது. உள்ள போன ஓட்டை எவ்வளவு, வெளிய போனது எவ்வளவு, ரண்டு சுவாசப்பையிலயும் பட்டிருக்கோ, விலா எலும்பில பட்டதோ தோள் எலும்பில பட்டதோ, சுத்தி எத்தினை அங்குலம் இறைச்சி ரத்தம் கட்டிக் கெட்டிருக்கு. உள்ள போன இடத்திலயே பெரிய பள்ளம், அங்கால ஒண்டும் இல்லை எண்டால் சன்னம் அந்தரப்பட்டு விரிஞ்சிட்டுது. ரண்டு பக்கமும் பென்சில் ஓட்டை எண்டால் விரியேல்லை. சிலவேளை அந்தப் பக்கத் தோலுக்கு அடியில சன்னம் நிக்கும், அதை எறியாதேங்கோ, கழுவி நிறுத்துப் பாருங்கோ. சாதாரணச் சன்னத்தில பாதியில இருந்து முக்கால்வாசி மட்டும் மிஞ்சும், பொண்டட்டில அதைவிடக் கூட, செம்பு அநேகமா முழுசா. ஒரு மானை வைச்சு முடிவு எடுக்கவேண்டாம். நான் ஒரு கொப்பியில தூரம், நிண்ட பக்கம், பட்ட இடம், ஓட்டை, ஓடின கவடு எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன், பதினொரு மான் இருக்கு அதில, ஓடின கவடுக்கும் தோட்டாவின்ர பருமனுக்கும் ஒரு தொடர்பையும் நான் காணேல்லை, பட்ட இடத்துக்கும் கவடுக்கும்தான் தொடர்பு.

இவ்வளவையும் குளக்கட்டில இருந்து மருமோனுக்குச் சொல்லி முடிய, சித்தப்பா சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டு இருந்தார். போனில ஒரு படம் எடுத்துக் காட்டினன், போன வருசம் தோலுக்கடியில இருந்து எடுத்த 150 கிறேயின், அழகா காளான் மாதிரி விரிஞ்சது, நிறுத்தப்போ 104 கிறேயின் நிண்டது. மனுசன் கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரப் பிடிச்சு, கிட்டப் பிடிச்சு, கனநேரம் பாத்தார்.

"மான் எவ்வளவு தூரம் ஓடினதெண்டாய்?"

"எழுபது கவடு, சித்தப்பா."

"எழுபதோ..." எண்டு போனைத் திருப்பித் தந்தார். "அப்ப உது சரிவராது."